‘சாரைக் கேட்டுச் சொல்றேன்’ என்ற பதில் எங்கே உருவாகிறது?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். நிரந்தர ஆட்கள் 26 பேர், சீசனில் காண்டிராக்ட் ஆட்கள் 120 பேர் வரை. மூன்று ஷிப்ட், மணிக்கு 3 டன் கூழ் ஓடும். மே முதல் ஜூலை வரை நான் முழுசாகத் தூங்கிய இரவு கிடையாது. லோடு இறக்கலாமா, பிரிக்ஸ் (கூழின் இனிப்பு அளவு) குறைகிறதே என்ன செய்ய, கரண்ட் போய் வந்தது திரும்ப ஓட்டலாமா என்று எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன். போன வருஷம் ஸ்டெரிலைசரில் (கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம்) வெப்பம் இறங்கிய நேரத்தில் நிரப்பிய டிரம்களை, நிரப்பும் இயந்திரம் ஓட்டும் ஃபில்லர் ஆப்பரேட்டர் தானாகவே ஒதுக்கி வைத்தார். “யாரைக் கேட்டு நிறுத்தினே?” என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒருவரும் வாய் திறப்பதில்லை, “சாரைக் கேட்டுச் சொல்றேன்” என்பதோடு சரி. ஸ்டெரிலைசர் ஓட்டுபவர் என்னைவிட 15 வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவரை எப்படிப் பழக்குவது? எல்லாவற்றையும் அவர்களே செய்துவிட்டால் நான் எதற்கு என்று முதலாளி நினைத்துவிடுவாரோ என்ற பயமும் உண்டு. அடுத்த சீசனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இப்போது கொய்யா ஓடுகிறது.

— கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்

பதில்: மூன்று மாதம் கையில் இருக்கும்போது கேட்டீர்கள், நல்லது. இதே கேள்வி ஜூன் மாதம் வந்திருந்தால், சீசன் முடியட்டும் என்பதுதான் என் பதிலாக இருந்திருக்கும். லாரி வரிசை கட்டி நிற்கும்போது யாரையும் பழக்க முடியாது.

உங்கள் ஆட்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. வெப்பம் இறங்கியதைக் கவனித்து, டிரம்மை ஒதுக்க வேண்டும் என்று புரிந்து, ஒதுக்கியும் வைத்த ஆள் உங்களிடம் இருக்கிறார். அவர் செய்தது சரி. அவருக்குக் கிடைத்தது திட்டு. மற்ற 25 பேரும் அன்றைக்கு ஒரு பாடம் படித்துவிட்டார்கள். முடிவெடுத்தால் மாட்டுவோம், போன் செய்தால் தப்பிப்போம் என்பதுதான் அந்தப் பாடம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கும் இரண்டாவது ரிங்கில் போனை எடுத்து உடனே பதில் சொல்கிறீர்கள். இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைக்கும்போது யார் தலையில் பாரத்தை ஏற்றிக்கொள்வார்கள்? வேலையை ஏற்கெனவே பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள். முடிவு மட்டும் உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது.

முதல் வேலையாக, கொய்யா ஓட்டத்திலேயே ஏழு நாள் கணக்கெடுங்கள். வருகிற ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரி போதும்: மணி, யார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள். போன சீசனின் ஷிப்ட் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் அவற்றை நான்கு குவியலாகப் பிரியுங்கள். கேட்டவருக்கே பதில் தெரியும், அனுமதிக்காகக் கேட்டார் என்பது ஒன்று. அளவு சரியாக எடுக்காததால் வந்த குழப்பம் இரண்டாவது. நிஜமாகவே தெரியாமல் கேட்டது மூன்றாவது. பெரிய பணம், சட்டம், வெளியாள் சம்பந்தப்பட்டு உங்களிடமே வர வேண்டியது நான்காவது. குவியலுக்குக் குவியல் மருந்து வேறு. முதல் குவியலுக்கு எல்லை எழுதித் தர வேண்டும், இரண்டாவதற்குக் கருவியும் முறையும் வேண்டும், மூன்றாவதற்குப் பயிற்சி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ட்ரெயினிங் வகுப்பு வைத்துவிட்டு ஓய்ந்துவிடுவதுதான் பல ஆலைகளில் நடக்கும் தவறு.

இரண்டாவது குவியலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிக்ஸ் பற்றி உங்களுக்கு வரும் போன்களையே பாருங்கள். பிரிக்ஸ் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 20 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிடப்பட்ட கருவி. வெப்பத் திருத்தம் தானாகச் செய்யாத கருவியில் 30 டிகிரி மாதிரியை வைத்தால் ஏறக்குறைய 0.8 குறைத்துக் காட்டும். 13.4 என்று பார்த்துப் பதறிப் போன் செய்கிறார் ஒருவர். உண்மையில் அது 14.2, உங்கள் பெங்களூரா ரக மாங்கூழின் வரம்பு 14 என்றால் பிரச்சினையே இல்லை. தானாகத் திருத்தும் டிஜிட்டல் கருவி இருந்தாலும் சுடச்சுட மாதிரி வைக்கக் கூடாது. ஷிப்ட் ஆரம்பத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு பூஜ்யம் பார்க்க வேண்டும், கண்ணாடியில் முந்தைய கூழ் ஒட்டியிருக்கக் கூடாது. இதை மட்டும் ஒழுங்குபடுத்தினாலே சில போன்கள் தானாக நின்றுவிடும். அளவை நம்ப முடியாதவரிடம் அதிகாரம் கொடுத்தால் அவருக்கு அது தண்டனை மாதிரிதான்.

அடுத்து எல்லை. “நீங்களே பார்த்துக்குங்க” என்று சொல்வது அதிகாரம் கொடுத்ததாகாது. எதுவரை பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு அட்டை, ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எதை அளப்பது, எப்படி அளப்பது, எந்த எண் வந்தால் என்ன செய்வது, எதற்கு மேல் யாரைக் கூப்பிடுவது ஆகிய நான்கும் அதில் இருந்தாக வேண்டும். உங்கள் ஆலையில் அதிகம் சண்டை நடக்கும் இடம் வாசல்தான், அதனால் பழம் இறக்கும் அட்டையை மாதிரியாகத் தருகிறேன். எண்களை உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

பழம் இறக்குதல் (10 டன் லோடு)
மாதிரி: மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் கலந்து 100 பழம். அடிப் பழம் கட்டாயம்.
பார்ப்பது: அழுகல், காம்படி கறுப்பு, புழு, நசுங்கல். சந்தேகப் பழத்தை அறுத்துப் பார்.
5 வரை: இறக்கு.
6 முதல் 10: இன்னொரு 100 எடு. இரண்டின் சராசரிப்படி எடையில் கழித்து இறக்கு. இறக்கும் பொறுப்பாளரே முடிவு செய்யலாம்.
11 முதல் 15: ஷிப்ட் இன்சார்ஜ் முடிவு.
15க்கு மேல்: திருப்பு. மேலாளருக்குத் தகவல் மட்டும்.
பழத்துக்கு நடுவே கார்பைட் பொட்டலம்: எண்ணிக்கை பார்க்காதே. யார் லோடாக இருந்தாலும் திருப்பு.

இன்னொரு 100 எதற்கு என்று இறக்குபவருக்கு விளக்குங்கள். 100 பழத்தில் 8 கெட்டது வந்தால், அந்த லாரியின் உண்மையான சேதம் 4 சதவீதமாகவும் இருக்கலாம், 15 சதவீதமாகவும் இருக்கலாம். சின்ன மாதிரியின் குணம் அது. காரணம் தெரிந்தவர் மண்டிக்காரரிடம் தைரியமாகப் பேசுவார், தெரியாதவர் “சார் சொல்லியிருக்கார்” என்பார். கார்பைட் விஷயத்தில் பேரம் கூடாது. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த பழத்தை விற்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையே தடை செய்திருக்கிறது. பழுக்கவைக்க எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு, அந்த வித்தியாசம் வாசலில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அட்டை எங்கே உடையும் என்றும் சொல்லிவிடுகிறேன். இறக்குபவர் லோடைத் திருப்புவார். ஏஜென்ட் நேராக முதலாளிக்குப் போன் போடுவார். “நம்ம ஆளுதான், இறக்கிடு” என்று முதலாளி சொல்லிவிட்டால், அந்த நிமிஷத்தோடு அட்டை வெறும் காகிதம். எனவே அட்டையை ஆட்களுக்குக் கொடுக்கும் முன்னால் முதலாளியோடு உட்காருங்கள். கொள்கை பேச வேண்டாம், ரூபாய் பேசுங்கள். மோசமான 10 டன் லோடு ஒன்றை இறக்கினால் ஒதுக்கும் பழம் எவ்வளவு, பெல்ட்டில் கூடுதல் ஆள்கூலி எவ்வளவு, கூழ் கணக்கு எவ்வளவு விழும் என்று போன வருஷப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். பிறகு இரண்டே விஷயம் கேளுங்கள். அட்டையில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். மாற்ற நினைத்தால் உங்களிடம் சொல்லி மாற்ற வேண்டும், வாசலில் நிற்பவரிடம் நேரே சொல்லக் கூடாது. அவசரத்துக்கு அவர் ஒரு லோடை இறக்கச் சொன்னாலும், “முதலாளி உத்தரவு” என்று பதிவேட்டில் மணியோடு எழுதட்டும். அது குற்றம் சுமத்துவதற்காக இல்லை. அந்த லோடின் கணக்கு இறக்கியவர் தலையில் விழக் கூடாது, அதற்காகத்தான்.

இப்போது உங்கள் ஃபில்லர் ஆப்பரேட்டர் விஷயம். எல்லா முடிவும் ஒரே எடை கொண்டதல்ல. நிறுத்துவதும் விடுவிப்பதும் வேறு வேறு அதிகாரங்கள், இதைக் குழப்பிக்கொண்டதுதான் போன வருஷத் தகராறுக்கே வேர். நிறுத்துகிற அதிகாரம் எல்லோருக்கும் வேண்டும், பெல்ட்டில் பழம் பொறுக்கும் அம்மா வரைக்கும். நிறுத்தி வைத்ததை விடுவிக்கும் அதிகாரம் இரண்டே பேருக்கு, தரக்கட்டுப்பாட்டு ஆளும் ஷிப்ட் இன்சார்ஜும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான்.

கணக்கும் இதற்குச் சாதகம். மணிக்கு 3 டன் என்றால் 215 கிலோ டிரம் ஒன்று நாலேகால் நிமிஷத்தில் நிரம்பும். பத்து நிமிஷம் வெப்பம் இறங்கினால் சிக்குவது மூன்று டிரம். வெப்பத்தைப் பதியும் ரெக்கார்டரின் கடிகாரமும் ஃபில்லர் பதிவேட்டு மணியும் ஒன்றுபோல ஓடாது, அதற்காக முன்னால் ஒன்று. கூழ் ஸ்டெரிலைசரிலிருந்து குளிர்விக்கும் குழாய் வழியாக ஃபில்லருக்கு வந்து சேர நேரம் பிடிக்கும், அதற்காகப் பின்னால் மூன்று. ஆக ஏழு டிரம், 1,505 கிலோ. மஞ்சள் சீட்டு ஒட்டித் தனியே வைத்தால் அது நஷ்டக் கணக்கில் சேராது. ஆய்வகம் வைத்துப் பார்த்துச் சரியென்றால் போகப்போகிற சரக்குதான். ஒதுக்காமல் விட்டால் என்ன ஆகும்? மாங்கூழ் புளிப்பு அதிகமுள்ளது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருப்பதால் போட்டுலிசம் என்ற உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. ஆனால் ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும் அந்தப் புளிப்பு ஒரு தடையே இல்லை. சில வாரம் கழித்து வாங்குபவர் கிடங்கில் டிரம்முக்குள் கூழ் அடைத்த பை உப்பும். அப்போது எந்த ஏழு டிரம் என்று யாருக்கும் தெரியாது, மொத்த லாட்டும் கேள்விக்குள்ளாகும். தவறுதலாக நிறுத்தினால் ஆகும் செலவு சிறிது, தவறுதலாக விட்டால் ஆகும் செலவு பெரிது. முதலாளிக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். காட்டிய பிறகு அந்த ஆப்பரேட்டரிடம் “நீ செஞ்சது சரிதான்” என்று முதலாளியே, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். திட்டியது சபையில் என்றால் சமாதானமும் சபையில்தான். இது நடக்காமல் நீங்கள் எத்தனை அட்டை அடித்து ஒட்டினாலும் பலன் இருக்காது.

பெல்ட்டுக்கு ஒரு கயிறோ சுவிட்சோ கை எட்டும் தூரத்தில் வையுங்கள். ஜப்பானில் நூல் அறுந்தால் தானாக நிற்கும் தறியை உருவாக்கிய சகிச்சி டொயோடாவின் வழியில் வந்த கார் ஆலையில், லைனில் நிற்கும் தொழிலாளியே கயிறு இழுத்து உதவி கேட்கலாம், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். கயிறு கட்டுவது எளிது. இழுத்தவுடன் சூப்பர்வைசர் ஒரு நிமிஷத்துக்குள் வந்து, “என்னம்மா பார்த்தீங்க?” என்று கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “எதுக்கு நிறுத்தினே” என்று ஒருமுறை கேட்டால் போதும், அந்தக் கயிறை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள், இந்தி மட்டும் தெரிந்தவர்கள் எல்லாம் பெல்ட்டில் நிற்பார்கள் என்பதால் எழுத்தை நம்பாதீர்கள். புழுப் பழம், காம்படி கறுப்பு, ஏற்கத்தக்க தழும்பு மூன்றையும் பெரிய போட்டோவாகத் தலைக்கு மேலே மாட்டுங்கள்.

போன் வரும்போது நீங்கள் மாற வேண்டிய விதம் இது. பதில் சொல்லாதீர்கள், மூன்று கேள்வி கேளுங்கள்: “அளவு என்ன வந்தது? அட்டை என்ன சொல்லுது? நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?” மூன்றாவதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணுங்கள். மௌனம் தாங்காமல் நீங்களே பதிலைச் சொல்லிவிடுவீர்கள், முதல் வாரம் நிச்சயம் அப்படித்தான் ஆகும். அவர் சொல்வது உங்கள் யோசனையைவிடக் கொஞ்சம் மட்டமாக, ஆனால் ஆபத்தில்லாமல் இருந்தால், “சரி, செய்ங்க” என்று விடுங்கள். திருத்தம் மறுநாள் பகலில். விஷயம் ஆபத்தானது என்றால் மட்டும் கேள்வியெல்லாம் வேண்டாம், நேராகச் சொல்லிவிடுங்கள். பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கும்போது பாடம் நடத்தக் கூடாது.

ஒவ்வொருவரையும் ஒவ்வொரு முடிவிலும் நான்கு படியில் ஒன்றில் நிறுத்திப் பாருங்கள்: கேட்டுச் செய், சொல்லிவிட்டுச் செய், செய்துவிட்டுச் சொல், செய். ஆளுக்கு ஒரு படி என்று வைக்காதீர்கள், முடிவுக்கு ஒரு படி. பிரிக்ஸ் குறைந்தால் நன்றாகப் பழுத்த பேட்சைக் கலப்பதில் உங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் நான்காம் படியில் இருக்கலாம், கரண்ட் போய் வந்த பிறகு திரும்ப ஓட்டுவதில் அவரே முதல் படியில் இருக்கலாம். ஏனென்றால் கரண்ட் போனால் ஸ்டெரிலைசரில் நின்ற கூழ் கருகும், குழாயில் கிருமி நீக்கிய நிலையும் போய்விடும், முழுசாகக் கழுவி மறுபடி ஸ்டெரிலைஸ் செய்யாமல் நிரப்ப ஆரம்பிக்க முடியாது. தொடர்ந்து ஐந்து முறை சரியாகச் செய்தால் ஒரு படி ஏற்றுங்கள். தவறினால் இறக்குங்கள், ஆனால் ஒரு படி மட்டும். கூழில் சர்க்கரை சேர்த்து பிரிக்ஸ் ஏற்றுவது மட்டும் யாருடைய அட்டையிலும், எந்தப் படியிலும் கிடையாது என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். வயதில் மூத்தவரிடம் “நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க” என்று கேட்டால் சோதிப்பது போலத்தான் படும். அவரிடம் வேறு வழியில் போங்கள். ஸ்டெரிலைசர் அட்டையை நீங்கள் எழுதாதீர்கள், அவர் சொல்ல, இளைய ஆப்பரேட்டர் ஒருவர் எழுதட்டும். “அண்ணா, உங்களுக்குச் சத்தத்திலேயே தெரியுது, இந்தப் பையனுக்கு எந்த மீட்டரைப் பார்த்தா தெரியும்?” என்று கேளுங்கள். அனுபவம் எண்ணாக மாறுவது அந்த இடத்தில்தான். அட்டையில் அவர் பெயரும் இருக்கட்டும். பிறகு அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் அவருக்கே. சொல்லிக்கொடுப்பதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளில் புழங்கிய நான்கு படி முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது: ஆளைத் தயார்ப்படுத்து, காரணத்தோடு செய்து காட்டு, அவரையே விளக்கிக்கொண்டே செய்ய வை, விட்டுவிட்டு அவ்வப்போது வந்து பார். நம் ஊரில் விட்டுப்போவது மூன்றாவது படி. பார்த்துக்கொண்டே இருந்தால் வந்துவிடும் என்று நினைக்கிறோம், வராது.

அவர் தெரிந்ததைச் சொல்லத் தயங்கினால் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்ததைக் கொடுத்துவிட்டால் நம்மை வேண்டாம் என்பார்களோ என்ற பயமாக இருக்கலாம். உங்களுக்கும் அதே பயம்தானே இருக்கிறது. எனவே பயிற்சியாளர் என்று அவருக்கு ஒரு பெயரும், பெயரோடு கூடுதல் படித்தொகையும் வாங்கிக் கொடுங்கள். படித்தொகை இல்லாத பொறுப்பை நான் ஆதரிக்க மாட்டேன். ஷிப்ட் இன்சார்ஜுக்கும் இதே பேச்சுதான்: ராத்திரி முழுக்க முடிவு எடுக்கச் சொல்லிவிட்டுச் சம்பளச் சீட்டில் ஒரு வரிகூடக் கூட்டாவிட்டால், இரண்டாவது சீசனில் அவர் ஓசூரில் ஏதாவது ஒரு கம்பெனியில் இருப்பார்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் 15 நிமிஷம் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும். வாயால் சொல்வது போதாது. ஓடும் பேட்ச், கடைசி மூன்று அளவுகள், நிறுத்தி வைத்த டிரம் எண்கள், பாதியில் நிற்கும் ரிப்பேர், கொட்டகையில் நாளைக்குள் ஓட்டியாக வேண்டிய பழம் ஆகிய ஐந்தையும் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கிடைத்த அதிகாரம் பெரும்பாலும் இந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் நழுவிப் போகிறது. முந்தைய ஷிப்ட் என்ன முடிவு எடுத்தது என்று தெரியாதவர், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று உங்களுக்குத்தான் போன் போடுவார்.

யாராவது அட்டைப்படி நடந்தும் நஷ்டம் வந்தால், தவறு அட்டையில். ஆளைத் தொடாதீர்கள், எண்ணை மாற்றுங்கள். அட்டையைப் பார்க்காமலே நடந்து தவறினால் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். தெரிந்தே மீறி, பதிவேட்டிலும் மறைத்தால் அது வேறு விஷயம், அங்கே இரக்கம் காட்ட வேண்டாம். மூன்றையும் ஒரே குரலில் திட்டுவதுதான் ஆட்களை ஊமையாக்குகிறது.

காலக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். இந்த மாதம் போன் கணக்கும் முதலாளியோடு பேச்சும். அடுத்த மாதம் ஐந்தே அட்டை: இறக்குதல், பிரிக்ஸ், வெப்பம் இறங்கினால், கரண்ட் போனால், பெல்ட் நிறுத்தம். ஐந்துக்கு மேல் போடாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். மூன்றாம் மாதம் கொய்யா ஓட்டத்தில் ஒத்திகை: முன்கூட்டியே சொல்லிவிட்டு, கூழுக்குப் பதில் தண்ணீர் ஓட்டி வெப்பத்தை இறக்கிக் காட்டி, அட்டைப்படி யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சீசன் தொடங்கி முதல் பத்து நாள் லோடு குறைவாக இருக்கும், அப்போது நீங்கள் ஆலையிலேயே இருங்கள், ஆனால் அறையில். அதன்பின் வாரத்தில் ஒரு இரவு போனை ஷிப்ட் இன்சார்ஜிடமே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஒரேயடியாக “இனி யாரும் எனக்குப் போன் பண்ணக் கூடாது” என்று அறிவித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் போன் நிற்கும், அதோடு சேர்ந்து உங்களுக்கு வந்தாக வேண்டிய செய்தியும் நின்றுவிடும்.

முதலாளி உங்களைத் தேவையில்லை என்று நினைப்பாரா? நீங்கள் ராத்திரி செய்துகொண்டிருந்ததை அவர் பார்த்ததே இல்லை, அதனால் அது நின்றாலும் அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் வேறு என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் அவர் பார்ப்பார். சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கத் தோட்டங்களில் அடுத்த பத்து நாளில் எவ்வளவு பழம் இறங்கும், கொட்டகையில் எந்த அடுக்கு எந்த நாளில் பழுக்கும், ஒரு டன் பழத்துக்கு எத்தனை கிலோ கூழ் வந்தது, ஏன் நேற்றைவிட 20 கிலோ குறைந்தது — இதற்கெல்லாம் இப்போது உங்கள் ஆலையில் ஆள் இல்லை. திங்கள்கிழமைதோறும் இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி அவர் மேஜையில் வையுங்கள். அந்தத் தாளின் அடியில் இன்னொரு வரியும் இருக்கட்டும்: போன வாரம் ராத்திரி எனக்கு வந்த போன் எத்தனை, அதில் அட்டையிலேயே பதில் இருந்தது எத்தனை.